கழுத்து வலிக்குக் காந்தமா, பயிற்சியா?

மூன்று மாதத்துக்கு மேல் விடாத கழுத்து வலியை நாள்பட்ட வலி என்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், தையல் மெஷினில் குனிந்திருப்பவர், நாள் முழுக்க பைக் ஓட்டுபவர் என யாரையும் அது விடுவதில்லை. மாத்திரை போட்டு அலுத்தவர்களைத் தேடி வருகின்றன காந்த மாலையும் காந்தத் தலையணையும், பல்லாயிரம் ரூபாய் விலையில் காந்தப் படுக்கையும். இன்னொரு பக்கம் பிசியோதெரபி. காசையும் நேரத்தையும் எதில் போடுவது?

ரத்தத்தைக் காந்தம் இழுக்குமா?

‘ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும்’ என்கிறார்கள் விற்பவர்கள். ஆனால், ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியைப் போலக் காந்தத்தில் ஒட்டாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 1.5 அல்லது 3 டெஸ்லா வலுவுள்ள காந்தத்துக்குள் உடம்பையே அனுப்புகிறார்கள். கழுத்தில் மாட்டும் மாலையைவிடப் பல மடங்கு வலுவான அந்தக் காந்தத்துக்கே ரத்தம் இழுபடுவதில்லை.

1982-ல் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்குக் காந்த மாலையும் சிலருக்குப் போலி மாலையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று தெரியாது. கழுத்து, தோள் வலி குறைந்ததில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மின்காந்த அலைகளை விட்டு விட்டுச் செலுத்தும் மருத்துவக் கருவி வேறு ரகம். கூடாத எலும்பு முறிவுக்கு அதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1979-லேயே அனுமதித்தது. கழுத்து வலியிலும் சில சிறிய ஆய்வுகளில் ஓரளவு நிவாரணம் தெரிந்தது. அதை மட்டுமே நம்பி இருக்கும் அளவுக்கு அந்தச் சான்று வலுவாக இல்லை.

கரன்ட்டோடு நிறுத்தாதீர்கள்

பிசியோ என்றாலே ‘கரன்ட் வைப்பது’ என்று நினைக்கிறோம். சில நாள் ஒத்தடம், கரன்ட், கழுத்தை இழுத்துவைக்கும் டிராக்‌ஷன். வலி தணிந்ததும் போவதை நிறுத்திவிடுகிறோம். ஆனால், பிசியோவில் சான்று வலுவாக இருப்பது பயிற்சிக்குத்தான்.

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்கும் உள் தசைகள் நாள்பட்ட வலியில் பலவீனமாகின்றன. மேல் தசைகள் அவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இறுகிப்போகின்றன. சூடும் கரன்ட்டும் வலியைச் சற்று நேரம் தணிக்கலாம். தசைக்கு வலு, அதை வேலை வாங்கினால்தான் வரும்.

பின்லாந்தில் 180 பெண் அலுவலக ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. ரப்பர் பட்டை, டம்பெல் கொண்டு கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு ஓராண்டில் வலியும் முடக்கமும் நன்றாகக் குறைந்தன. நீட்டி மடக்கும் பயிற்சியோடு நின்றவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

இவற்றைக் கவனியுங்கள்

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சல், அடிபட்ட பின் வரும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தப் பொருட்களை நெஞ்சருகே கொண்டுவரக் கூடாது. கருவியின் இயக்கம் மாறிவிடலாம்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால், ‘நான் வீட்டில் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?’ என்று முதல் நாளே கேளுங்கள். செய்து காட்டி, உங்களைச் செய்யவைத்துத் திருத்தி, வாரங்கள் போகப்போக அளவைக் கூட்டுபவரிடம் தொடருங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வலி குறைந்த பிறகும் பயிற்சியை விடாதீர்கள். காந்தப் படுக்கைக்கு எடுத்துவைத்த பணம் இதற்குச் செலவாகட்டும்.