பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளைத் தொன்மை கெடாமல் செப்பனிடுதல்

பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் கிளை இரயில் பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்ட பின்னர், இங்குள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெருந்திரளானோர் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு, நாள்தோறும் இரயிலில் சென்று வருகின்றனர். இத்தகைய ஊரில், சக்கரத்தில் காற்றிறங்கி, சாக்குத்துணி போர்த்தி வாசலோரம் நிறுத்தப்பட்ட சிறு மோட்டார் சைக்கிள் ஒன்றை மீண்டும் ஓடச் செய்ய ஒருவர் விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யலாகாது என்பதே இங்கு முக்கியமாகும்.

நம் நாட்டில் 100 சி.சி. ஜப்பானிய வண்டிகளின் காலம் 1984-ல் ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகியுடன் தொடங்கியது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமாஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. அடுத்த ஆண்டு கவாசாகி பஜாஜ் வந்தது. இவற்றுள் ஆர்எக்ஸ் 100 தனிப்புகழ் பெற்றது. 98 சி.சி. கொள்ளளவும் ஏறத்தாழ 11 குதிரைச் சக்தியும் உடைய அந்த இரு வீச்சு இயந்திரத்தின் உற்பத்தி 1996-ல் நின்றது. எனவே எஞ்சியுள்ள வண்டிகளே இனி உள்ளவை.

2021-ம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்யலாம். ஆனால் அவை முதல் வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டத்திலோ இயந்திரத்திலோ பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1985-ல் வெளிவந்த வண்டி 2035-ல்தான் அந்த வயதை எட்டும். அதுவரை சாதாரணப் பதிவை உரிய காலத்தில் புதுப்பித்து வர வேண்டும். இடைப்பட்ட இந்த ஆண்டுகளில் ஒரு பட்டறையில் அரை மணி நேரத்தில் செய்யப்படும் வேலை, வண்டி அத்தகுதியை என்றென்றைக்கும் இழக்கக் காரணமாகலாம். சட்டத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது பொறிக்கப்பட்ட எண் மழுங்குதல், வேகத்திற்காகச் சிலிண்டரின் துளைகளை அரத்தால் அகலப்படுத்துதல் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. பளபளப்பை மட்டும் நோக்கிப் பழைய வர்ணத்தை முற்றிலும் சுரண்டிவிடுவதும் நல்லதன்று. வெளிறிய வர்ணத்தைச் சோப்பு நீரால் கழுவி மெழுகு பூசினாலே துரு பரவுவது பெரிதும் தடுக்கப்படும்.

இயந்திரத்திற்கு வருவோம். நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். உதைகோலை மிதித்து அதனை விடுவிக்க முயலலாகாது. தீப்பொறிப் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றி, சில நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர் மேல் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் பிஸ்டன் இளகும். சுத்தியலுக்கு இங்கு வேலையில்லை.

சிலிண்டரைக் கழற்றியதும் ‘போரிங் போட்டுவிடலாம்’ என்பதே வழக்கமான ஆலோசனை. முதலில் அளந்து பார்க்க வேண்டும். மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளந்து, தேய்மானம் வரம்பிற்குட்பட்டிருந்தால் வளையங்களை மட்டும் மாற்றினால் போதும். போரிங் என்பது உட்சுவரின் வார்ப்பிரும்பைக் கடைந்தெடுப்பது. அளவு கூடிய பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளாகவே வருகின்றன. சில படிகள் ஏறினால் சுவர் தீர்ந்துவிடும். கடைந்த இரும்பைத் திரும்ப வைக்க இயலாது.

மாரிகுப்பத்தில் இத்தேய்மானத்திற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. தங்கவயலின் தாது, படிகக்கல் பாறையில் அமைந்தது. அதனை மாவாக அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவு, மூன்று கோடி டன்னுக்கு மேல், ‘சயனைடு மேடு’ என்று மக்கள் அழைக்கும் குன்றுகளாக நிற்கிறது. வறண்ட காற்று வீசும்போது இம்மேடுகளிலிருந்து நுண்தூள் எழுகிறது. படிகக்கல்லின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண எஃகைக்கூட அது கீறும். காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் இத்தூள் எண்ணெயுடன் கலந்து, சாணைப் பசைபோலச் சிலிண்டரைத் தேய்க்கும். ஓசைக்காக வடிகட்டியையே கழற்றியெறியும் இளைஞர்கள் இதனை அறிவதில்லை. நுரைரப்பர் வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து பொருத்துவது சில ரூபாய்ச் செலவில் முடியும் காரியம்.

ரப்பர் உறுப்புகளைப் பொறுத்தவரை இரக்கம் காட்ட வேண்டியதில்லை. இரு வீச்சு இயந்திரத்தில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே செல்வதால், அவ்வறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். கிராங்க் தண்டின் ஆயில் சீல் இறுகி வெடித்தால், மாக்னெட்டோ பக்கம் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும். இயந்திரம் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளச் பக்கமாயின் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு, குறையாத வெண்புகை தோன்றும். இன்று எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து விற்கப்படும் பெட்ரோல், அக்காலத்து ரப்பர் குழாய்களை இளக்கக் கூடியது. ஆகையால் இவை அனைத்தையும் மாற்றிவிடுவதே முறை. கழற்றிய பழைய உறுப்புகளைப் பெயரெழுதிப் பையிலிட்டு வைத்தல் நன்று.

துருவை நீக்குவது வகுப்பறையிலும் செய்து காட்டக்கூடியது. குரோமிய முலாமின் மேலுள்ள துருப்புள்ளிகளை நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தால் அவை நீங்கும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானதாதலால் முலாம் கீறப்படுவதில்லை. துருவேறிய சிறு இரும்பு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை ஏற்றது. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்த நீரில் உறுப்பை மூழ்கவைத்து, 12 வோல்ட் மின்கல ஊட்டியின் எதிர்முனையுடன் அதனையும், நேர்முனையுடன் பழைய இரும்புத் தகட்டையும் இணைக்க வேண்டும். உறுப்பினிடத்தே ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்த வெளியிலேயே, நெருப்பை அணுகவிடாமல் இதனைச் செய்தல் அவசியம். எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் கொடிய நச்சுப்பொருளாக மாறி நீரில் கரையும். அலுமினிய உறுப்புகளையும் இக்கரைசலில் இடலாகாது.

பெட்ரோல் தொட்டியின் உட்துருவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். தொட்டியில் பெட்ரோல் ஆவி சிறிதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஓரிரவு ஊறவிட்டு, சலவைச் சோடா நீரால் அலசி, உடனே உலர்த்திச் சிறிது எண்ணெயைச் சுழற்ற வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 100-ல் எண்ணெய் தனித்தொட்டியிலிருந்து ஒரு சிறு பம்பினால் செலுத்தப்படுகிறது. நெடுநாள் நின்ற வண்டியில் அப்பம்பினுள் காற்று அடைத்திருக்கும். காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வடியும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் 40 மில்லிலிட்டர் இரு வீச்சு எண்ணெயைக் கலந்தே இயந்திரத்தை ஓட்ட வேண்டும். புகை அதிகமாகவே வரும். பம்ப் வேலை செய்கிறதென்பது எண்ணெய்த் தொட்டியின் மட்டம் குறைவதைக் கொண்டு உறுதியான பின், கலக்காத பெட்ரோலுக்கு மாறலாம்.