துத்தநாக ரிவால்வர் தாங்குமா?

அமெரிக்காவில் ‘ரஃப் ரைடர்’ என்ற .22 ரிவால்வரை 200 டாலருக்குள் வாங்கிவிடலாம். ஹெரிடேஜ் நிறுவனத் தயாரிப்பு. கௌபாய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அதே வடிவம். அதே கடையில் எஃகால் ஆன ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னத்துக்கு நாலைந்து மடங்கு கேட்பார்கள். மலிவானதை நம்பி வாங்கலாமா என்ற கேள்விக்குக் கடைக்காரரைவிட உலோகவியல் நேர்மையாகப் பதில் சொல்லும்.

முதலில் பார்க்க வேண்டியது சட்டகம், விலை குறைவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். ரஃப் ரைடரின் குழலும் சிலிண்டரும் எஃகுதான். அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் சட்டகம் மட்டும் ‘ஸமாக்’ என்ற துத்தநாகக் கலவை. 1929இல் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி உருவாக்கிய இந்தக் கலவையில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், மிகச் சிறிதளவு மக்னீசியம் உண்டு. 390 டிகிரி செல்சியஸுக்குள் முழுதும் உருகிவிடும். உருகியதை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் பாய்ச்சினால், துளையும் பள்ளமும் ஏறக்குறைய அமைந்த நிலையில், சட்டகம் சில நொடிகளில் இறுகிவிடும். எஃகுச் சட்டகம் அவ்வளவு எளிதில் கைக்கு வராது. வடித்த பிறகு கடைசல், வெப்பப் பதம், மெருகு என்று வேலை நீளும், ஒவ்வொன்றுக்கும் காசு.

இந்த வகை மலிவுத் துப்பாக்கிகளுக்கு ‘சாட்டர்டே நைட் ஸ்பெஷல்’ என்று ஒரு வசைப்பெயர் உண்டு. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றின் இறக்குமதிக்குத் தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை என்பதால், ஜெர்மனியின் ரோம் நிறுவனப் பாகங்கள் மயாமிக்கு வந்து ரிவால்வர்களாகப் பூட்டப்பட்டன. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரேகனை நோக்கி ஹிங்க்லி என்பவர் சுட்டது அப்படிப்பட்ட ஒன்றால்தான். டாலஸ் அடகுக் கடையில் 47 டாலருக்கு வாங்கியது. இரண்டு நொடிகளுக்குள் ஆறு தோட்டாக்களும் வெடித்தன. மலிவுத் துப்பாக்கி சுடாது என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

சில மாநிலங்கள் வேறு வழியில் போயின. இல்லினாய், தென் கரோலினா போன்றவை 800 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 427 செல்சியஸுக்குள் உருகும் வார்ப்புச் சட்டகங்களின் விற்பனைக்குத் தடை விதித்தன. மின்னசோட்டா வைத்த வரம்பு 1000 ஃபாரன்ஹீட். எனக்கு இது விசித்திரமான அளவுகோல். யாரும் துப்பாக்கியை உலையில் வைத்துச் சுடுவதில்லை. 660 டிகிரி செல்சியஸில் உருகும் அலுமினியம் இந்தத் தேர்வில் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் இழுவிசை வலிமையில் ஸமாக்கும் நல்ல அலுமினியக் கலவையும் ஏறத்தாழ ஒரே வரிசை, இரண்டுமே 300 மெகாபாஸ்கலை ஒட்டியவை. பதப்படுத்திய எஃகு அதைப்போல் மூன்று மடங்கு தாங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி, சட்டகத்தின் மீது எவ்வளவு விசை விழுகிறது என்பது. தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னால் போகிறது. காலிக் கூடு அதே அழுத்தத்தில் பின்னால் உந்துகிறது. அந்த உந்தலைத் தாங்குவது சட்டகத்தின் பின்சுவர். .22 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. இதை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மேக்னம் கூட்டின் அடிப்பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் பெரிது. பெருக்கிப் பார்த்தால் சட்டகத்துக்கு வரும் உதை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூடு சிலிண்டர் அறையின் சுவரை இறுகப் பிடிப்பதால் இதில் ஒரு பகுதி குறையும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறாது.

எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை அடித்தாலும் அது களைப்பதில்லை. துத்தநாகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு அடியும் கணக்கில் சேரும். அதனால் .22க்கு ஸமாக் சட்டகம் போதும், மேக்னத்துக்கு ஆகாது. ஹெரிடேஜே தன் பெரிய தோட்டா ரிவால்வர்களுக்கு எஃகுச் சட்டகம்தான் வைத்தது.

இரண்டாவது பார்க்க வேண்டியது, பொருத்தம். ஒவ்வொரு முறை சுத்தியலை இழுக்கும்போதும் சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் விலகினால் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில்கூட. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.15 மில்லிமீட்டர் அளவில் ஓர் இடைவெளி தேவை. அதிகமானால் வாயு வீணாகும்; குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் சிக்கும். மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜே இதை அளக்கப் போதும். தோட்டா இல்லாததை உறுதி செய்துவிட்டு, சுத்தியலை மெதுவாக இழுத்து, ஒவ்வொரு அறையும் பூட்டுகிறதா என்று பார்க்கலாம்.

மூன்றாவது, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பது. 1873ஆம் ஆண்டு கோல்ட் வடிவத்தில் சுத்தியலின் ஊசி நேரே தோட்டாவின் மேல் படுத்திருக்கும். ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்புவது அன்றைய வழக்கம். 1973இல் ரூகர் நிறுவனம், விசையை இழுத்தால் மட்டுமே சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவில் எழும்பி அடியைக் கடத்தும் சிறு எஃகுத் தகட்டைத் தன் கௌபாய் வடிவ ரிவால்வர்களில் புகுத்தியது. ரஃப் ரைடரில் அது கிடையாது. கையால் போட வேண்டிய பாதுகாப்பு நெம்பு இருக்கிறது. மறந்தால் போச்சு. 2019இல் 249 டாலர் பட்டியல் விலையில் வந்த ரூகர் ராங்லரில் அலுமினியச் சட்டகமும் அந்தத் தகடும் உண்டு. ஐம்பது, நூறு டாலர் கூடக் கொடுப்பது இந்த ஒன்றுக்காகவே தகும்.

காகிதத்தில் வட்டம் போட்டு ஞாயிறு மாலை சுட்டு விளையாட ரஃப் ரைடர் போதும். .38 வேண்டும், எஃகும் வேண்டும், பணம் மட்டும் இல்லை என்பவர், புதிதில் மலிவைத் தேடாமல் பழையதைத் தேடுவது மேல். அமெரிக்கப் போலீஸ் துறைகள் 1980, 90களில் பிஸ்டலுக்கு மாறியபோது, 1899 முதல் தயாராகி வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 குவியலாகச் சந்தைக்கு வந்தது. உறையில் உரசி நீலப் பூச்சு போயிருக்கும். பலவற்றில் உள்ளே தேய்மானம் குறைவு, ஏனென்றால் அவை சுடப்பட்டதைவிடச் சுமக்கப்பட்டதே அதிகம்.