நட்சத்திரங்களை நம்பி அறை எடுக்கலாமா?

திருப்பதி தரிசனத்துடன் சந்திரகிரி கோட்டையையும் காண வரும் வெளியூர்க் குடும்பங்கள் பல, தங்கும் விடுதியைக் கைப்பேசியில் தெரியும் நட்சத்திரங்களைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றன. அந்த நட்சத்திரத்துக்குப் பண மதிப்பு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் உயர்வதாக 2011-ல் தெரிவித்தார். பல கிளைகள் கொண்ட பிரபல உணவகங்களில் இந்தத் தாக்கம் இல்லை. பெயர் தெரிந்த கடைக்குப் பிறர் சான்று எதற்கு? முன்பின் அறியாத ஊரில் இறங்கும் பயணிக்கோ அதுவே துணை. போலி விமர்சனங்களுக்கு எளிதில் இரையாவதும் அவரே. விலை கொடுத்து எழுதி வாங்கிய விமர்சனங்களை வெளியிடக் கூடாது என இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 தரநிலையை வகுத்தது. ஆனால், தளங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது அறிமுகமானது. ஏமாற்றப்பட்டோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் அளிக்கலாம்.