உங்க வீட்டு கீஸரும் ஒரு பேட்டரிதான்: 1 யூனிட் சேமிக்க எவ்வளவு செலவு?



"பகல்ல கரன்ட் ரேட் குறையப் போகுதாம். லித்தியம் பேட்டரியை இஎம்ஐ-ல வாங்கி, பகல்ல சார்ஜ் பண்ணி சாயங்காலம் யூஸ் பண்ணா லாபமா?" இப்படி ஒரு ஐடியா உங்களுக்கும் வந்திருக்கலாம். கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி பாத்ரூம் சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

ரேட் ஏன் மாறுது?

2023-ல மத்திய அரசு மின் நுகர்வோர் விதிகளைத் திருத்துச்சு. ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு நேரத்தைப் பொறுத்த கட்டணம். வெயில் நேரத்துல சாதாரண ரேட்டை விட குறைஞ்சது 20% கம்மி, பீக் நேரத்துல குறைஞ்சது 10% அதிகம். இதை அமல்படுத்த வேண்டியது அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம்.

கீஸர்ல எவ்வளவு சேமிக்கலாம்?

25 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 1 யூனிட் ஆகும். 2 கிலோவாட் கீஸர்னா அரை மணி நேர வேலை. அதுல பச்சைத் தண்ணி கலந்தா, 40 டிகிரியில 58 லிட்டர் கிடைக்கும். அதாவது மூணு பக்கெட் குளியல். ஆக, 1 யூனிட் பேட்டரி ஏற்கனவே உங்க வீட்டுல தொங்கிட்டு இருக்கு!

இது புது ஐடியா இல்லை. ஆஸ்திரேலியாவில பல வருஷமா, டிமாண்ட் குறைவான ராத்திரி நேரத்துல குறைஞ்ச ரேட்டுக்குத் தண்ணி சூடு பண்ணி வெச்சாங்க. வீட்டுக்கு வீடு சோலார் வந்ததும் அந்த வேலை மதியத்துக்கு மாறிட்டு வருது.

இப்ப கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு சாதாரண ரேட் யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வெச்சுக்குவோம். பகல்ல 6.40, பீக்ல 8.80. வித்தியாசம் 2.40. தினமும் 1 யூனிட்டை மாத்தினா மாசம் 72 ரூபாய், வருஷத்துக்கு 876 ரூபாய்.

- கீஸருக்கு டைமர்: 1,000 ரூபாய்னு வெச்சா, ஒன்றேகால் வருஷத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும்.
- 1 யூனிட் பேட்டரி: 20,000 ரூபாய்னு வெச்சா, கிட்டத்தட்ட 23 வருஷம் ஆகும். அதுக்குள்ள பேட்டரியே மாத்த வேண்டி வந்துடும். இஎம்ஐ வட்டி தனி!

ஆனா இதையும் கவனிங்க

1. கீஸர் சூட்டை மட்டும்தான் திருப்பித் தரும். ஃபேன், வைஃபை ஓடாது. பவர் கட்டுக்காக பேட்டரி வாங்குறீங்கன்னா அது வேற கணக்கு. அது லாபத்துக்கான முதலீடு இல்லை, வசதிக்கான செலவு.

2. சூடு கசியும். மதியம் சூடு பண்ணினதை சாயங்காலமே குளிச்சுத் தீர்க்கிறவங்களுக்குத்தான் இது பெஸ்ட். மறுநாள் காலை வரைக்கும் வெச்சா லாபம் குறையும். ஸ்டார் லேபிள்ல 'ஸ்டாண்டிங் லாஸ்'னு ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

3. தண்ணி வரும்போதே சூடு பண்ற இன்ஸ்டன்ட் கீஸருக்கு இது செட் ஆகாது. அதுல சேமிக்க டேங்க் ரொம்பச் சின்னது.

4. டைமர் 16 ஆம்பியர் தாங்கணும். சாதாரண மொபைல் சார்ஜர் பிளக்ல போடுற டைமர் வேண்டாம்.

5. சோலார் போட்டு, நெட் மீட்டரிங்ல யூனிட்டுக்கு யூனிட் கழியுதா? அப்ப கிரிட்டே உங்க பேட்டரி. நேரத்தை மாத்தி எந்த லாபமும் இல்லை.

முதல்ல என்ன செய்யணும்?

உங்க பில்லை எடுங்க. பகலுக்கும் பீக்குக்கும் தனித்தனி ரேட் இருக்கா? இல்லைன்னா இப்போதைக்கு எதுவுமே வாங்காதீங்க. இருந்தா, முதல்ல டைமர் போடுங்க. பேட்டரிக்குக் கட்ட நினைச்ச இஎம்ஐ-யை எஸ்ஐபி-யில போட்டுட்டு நிம்மதியா வெந்நீர்ல குளிங்க.