முதல் எண்டோஸ்கோபி: ஏகாதசிப் பட்டினி போதாது

திருவரங்கத்து முதியோருக்குப் பட்டினி புதிதன்று. ஆயினும் ஏகாதசியன்று பாலும் பழமும் கொள்வோர் உண்டு. எண்டோஸ்கோபிக்கு முன் எட்டு மணி நேரம் அவையும் ஆகா. விடியற்காலையில் அருந்தும் ஒரு மிடறு பால் காப்பியும் எமக்கு உணவே. இரைப்பையில் எஞ்சியது மேலேறி நுரையீரலுக்குள் புகலாம் என்பதே எம் அச்சம். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள். சர்க்கரை மாத்திரையையோ இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையையோ தாமாக நிறுத்த வேண்டா.

சோதனை சில நிமிடங்களே. குழாய் உணவுப்பாதையில் செல்வதால் மூச்சு தடைபடாது. பின்னர், தொண்டை மரப்பு நீங்கும்வரை எதுவும் பருகலாகாது. மயக்க ஊசி பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது. காவிரிப் பாலம் கடக்க உறவினர் ஒருவர் உடன் வரட்டும். இலேசான தொண்டை வலியும் ஏப்பமும் இயல்பு. கடும் வயிற்றுவலி, இரத்த வாந்தி, கருமலம், காய்ச்சல், மூச்சுத்திணறல் கண்டால் நள்ளிரவாயினும் உடனே வாருங்கள்.