இரு கணினிகள், ஒரே முடிவு

ஒரு வங்கிக் கணக்கு ஒரு நகரத்துக் கணினியிலும் மற்றொன்று வேறு நகரத்துக் கணினியிலும் இருக்கையில், முதலாவதில் 500 ரூபாயைக் கழித்து இரண்டாவதில் சேர்ப்பது, முழுதாக நடக்க வேண்டும் அல்லது அறவே நடக்கக்கூடாது என்ற கண்டிப்புக்கு உட்பட்ட ஒரே செயலாகும். இதுவே பரிவர்த்தனை எனப்படுகிறது. அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே 1978-இல் விளக்கிய இருகட்ட உறுதிப்பாட்டு முறையில், ஒருங்கிணைக்கும் கணினி ‘ஆயத்தமா?’ என்று மற்றவற்றைக் கேட்க, ஆயத்தமானவை ‘ஆம்’ என்ற தம் வாக்கை வட்டில் எழுதி, அக்கணக்குகளை வேறெவரும் மாற்றாதபடி பூட்டி, இறுதி ஆணைக்குக் காத்திருக்கின்றன.

இம்முறையின் தீராத வலி அந்தக் காத்திருப்பில்தான் உள்ளது: வாக்களித்த கணினி தானாகப் பின்வாங்க முடியாது என்பதால், ஒருங்கிணைக்கும் கணினி அத்தருணத்தில் செயலிழந்தால், பூட்டு விழுந்தபடியே கிடக்க, அதே கணக்கை நாடும் பிற பரிவர்த்தனைகளும் தேங்கிவிடுகின்றன. கூகுள் 2012-இல் விவரித்த ஸ்பேனர் தரவுத்தளம், ஒருங்கிணைக்கும் பொறுப்பையே பல நகல்களிடம் ஒப்படைத்து, ஒன்று வீழ்ந்தால் இன்னொன்று தொடருமாறு செய்து, அந்தத் தேக்கத்தைப் பெரிதும் குறைத்தது.