காந்தம் ஒட்டுதா, பாருங்க!

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் திருமங்கலத்தில் பஸ் ஏறி மதுரைக்குப் போய், புது மாடல் இண்டக்ஷன் அடுப்பு வாங்கி வந்தேன். "இனி கேஸ் செலவே இல்லக்கா" என்றார் கடைக்காரர். வீட்டில் வைத்துப் பார்த்தால் அலுமினியச் சட்டியும் சூடாகலை, குழம்பு மண்சட்டியும் சூடாகலை! அடியில் காந்தம் ஒட்டுகிற, தட்டையான பாத்திரம்தான் இதற்கு ஆகுமாம். என் இரும்புத் தோசைக்கல் மட்டும் பாஸ்!

கரண்ட் கணக்கும் பார்த்தேன். 2000 வாட்டில் தினம் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 60. 2016-ல் அரசு அறிவித்த 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்.

கேஸ் தீர்ந்த அன்று கை கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் சகோதரிகளே, கடைக்குப் போகும் முன் உங்கள் பாத்திரங்களில் காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிடுங்கள்!

- ஒரு வாசகி, திருமங்கலம்.